முரசு முதல் கைப்பேசி வரை

புகார் நகரில் இந்திர விழா நிகழவிருக்கும் செய்தியை, யானையின் பிடரியில் முரசேற்றி முதுகுடிப் பிறந்தோன் ஒருவன் அறைந்தான் என்று மணிமேகலையின் விழாவறை காதை கூறும். வீதிகளை அணி செய்க, பழமணல் மாற்றிப் புதுமணல் பரப்புக, பகைவரோடும் பூசல் தவிர்க்க என்பன அவன் அறிவித்த செய்திகள். ஆனால் சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்டபோது மதுரையில் எந்த முரசும் முழங்கவில்லை. ஊருக்குள் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு ஆயர்பாடிக்கு விரைந்து வந்த ஒருத்தி, கண்ணகியின் முகத்தைப் பார்த்து, சொல்லெழாமல் நின்றாள். நற்செய்தியை அரசு அறிவிக்கும். தீச்செய்தி தன் காலால் நடந்து வரும். இளங்கோவடிகளும் சாத்தனாரும் அறிந்திருந்த உண்மை இது.

முரசு அடங்கிய பின்னும் அந்த ஒருத்தி வந்து சேர்வதற்கு முன்னும் உள்ள இடைவெளியில்தான் மக்கள் தொடர்பு என்று இன்று நாம் அழைக்கும் தொழில் பிறந்தது. அந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு சுருங்கிற்று, நம் காலத்தில் எவ்வாறு இல்லாமலே போயிற்று என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம். இதற்கு இரயில்வேயை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இரயில் வெறும் ஊர்தியன்று. ஊருக்கும் நமக்கும் இடையே உள்ள ஒரே கயிறாக அது பல ஆண்டுகள் இருந்தது. மேலும், இத்தொழிலின் வரலாறே ஓர் இரயில் விபத்திலிருந்துதான் தொடங்குகிறது எனலாம்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டி அருகே, பென்சில்வேனியா இரயில்வேயைச் சார்ந்த மின்சார வண்டியொன்று பாலத்திலிருந்து தடம் புரண்டு நீருக்குள் விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் இரயில்வே நிறுவனங்களின் வழக்கம் வேறு. விபத்து நேர்ந்தால் செய்தியாளரை அண்டவிடாமல் தடுப்பதும், கேட்டால் ஒன்றுமில்லை என்று கையை விரிப்பதுமே நடைமுறை. அந்நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ என்பவர், முன்னர் பத்திரிகையாளராக இருந்தவர், இதற்கு மாறாக நடந்துகொண்டார். நடந்தது இன்னதென்று எழுதி நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டார். செய்தியாளரை இரயில்வேயின் செலவிலேயே விபத்து நிகழ்ந்த இடத்துக்கு அழைத்துச் சென்றார். நியூயார்க் டைம்ஸ் இதழ் அக்டோபர் 30ஆம் நாள் அவ்வறிக்கையைச் சொல் மாறாமல் அச்சிட்டது. செய்திக் குறிப்பு என்னும் வடிவத்தின் பிறப்பு இதுவே என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்வர்.

அதே ஆண்டில் லீ ஒரு கொள்கை அறிக்கையும் வெளியிட்டார். தம்முடையது மறைமுகச் செய்தி நிலையமன்று, தம் பணி யாவும் வெளிப்படையாகவே நடக்கும், மக்கள் அறிய வேண்டியவற்றை விரைவாகவும் பிழையின்றியும் தருவதே நோக்கம் என்பது அதன் சாரம். நல்ல கொள்கைதான். ஆயினும் எட்டாண்டுகளில் அவரே அதனின்று வழுவினார். 1914ஆம் ஆண்டு ஏப்ரலில் கொலராடோ மாநிலத்து லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டு எரிந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபது பேர் அளவில் மாண்டபோது, ராக்பெல்லர் குடும்பத்தின் சார்பில் லீ வெளியிட்ட அறிக்கைகளில் பல செய்திகள் பொய்யாக இருந்தன. விசாரணைக் குழுவின் முன், சுரங்க உரிமையாளர் தந்த செய்திகளைத் தாம் சரிபார்க்கவில்லை என்று அவர் கூற நேர்ந்தது. கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் அவரைக் கூலிக்குப் பொய் சொல்பவர் என்றே எழுதினார். ஒரே மனிதர் ஒரு தொழிலின் ஒளியையும் இருளையும் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார் என்பது நோக்கத்தக்கது.

இந்திய நாட்டில் இத்துறைக்கு வித்திட்டோருள்ளும் இரயில்வே முன்னிற்கிறது. கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே 1920களில் இந்தியப் பயணத்துக்கு ஆள் சேர்க்க இங்கிலாந்தில் விளம்பரம் செய்தது. இங்கே திருவிழாக்களிலும் சந்தைகளிலும் நடமாடும் திரைப்படக் காட்சிகளை நடத்தி, மக்களை இரயிலேற்ற முயன்றது. அரசின் செய்தி நிலையம் 1919ஆம் ஆண்டு சிம்லாவில் தொடங்கிற்று, 1941இல் ஜே. நடராஜன் அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியரானார். இந்திய மக்கள் தொடர்புக் கழகம் 1958இல் அமைந்தது. 1968 ஏப்ரல் 21இல் புது தில்லியில் கூடிய முதல் அனைத்திந்திய மாநாட்டில் இத்தொழிலுக்கென ஒழுக்க நெறிகள் ஏற்கப்பட்டன. ஆண்டுகளை அடுக்குவது இவ்வளவில் போதும்.

இவையெல்லாம் முரசின் வரலாறு. மக்கள் திரும்பிப் பேசிய வரலாறு வேறு. வங்காளத்துப் பயணி ஒருவர் 1909ஆம் ஆண்டு சாகிப்கஞ்ச் இரயில்வே அலுவலகத்துக்கு எழுதிய மடல் ஒன்றைப் பலரும் அறிந்திருப்பர். பலாப்பழம் மிகுதியாக உண்டு வயிறு உப்பிய நிலையில், வண்டி நின்ற நிலையத்தில் இறங்கி ஒதுங்கியபோது, கார்டு ஊதல் ஊதி வண்டியைக் கிளப்பிவிட, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்து பலர் முன்னிலையில் மானமிழந்த கதையை அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினார். நடவடிக்கை இல்லையேல் பத்திரிகைகளுக்குத் தெரிவிப்பேன் என்றும் எச்சரித்தார். தாழ்ந்த வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அம்மடலே தூண்டுகோல் என்று கூறுவர். தில்லி இரயில் அருங்காட்சியகம் அதனைப் போற்றி வைத்திருக்கிறது. மடலின் மொழியைக் கண்டு சிரிப்போர் உளர். அந்த எச்சரிக்கையின் கூர்மையை நாம் மதிக்கிறோம். நிலைய அதிகாரியின் அறையிலிருந்த புகார்ப் புத்தகத்தில் எழுதியிருந்தால் அது புத்தகத்தோடு மூடப்பட்டிருக்கும். பிறர் அறிய நேரும் என்ற அச்சமே அலுவலகத்தை அசைக்கும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியுமுன், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்திருந்த இடத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான், செப்டம்பரில், மகபூப்நகர் அருகே இன்னொரு பெருவிபத்து நேர்ந்திருந்தது. அப்போதே பதவி விலக முன்வந்து நேருவால் தடுக்கப்பட்ட லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே தீர்வதென நின்றார். தவறு அவருடையதன்று, ஆயினும் மக்களாட்சி மரபுக்கு எடுத்துக்காட்டாக இருக்கும் என்று கூறி நேரு அதனை ஏற்றார். எந்த மக்கள் தொடர்பு அலுவலரும் எழுதித் தந்த செயலன்று அது. ஆனால் அரசின் மீதுள்ள நம்பிக்கையை அவ்விலகல் காத்ததுபோல் எந்தச் செய்திக் குறிப்பும் காத்ததில்லை.

தமிழகத்திலோ கதை அங்கே முடியவில்லை. இரயில்வேத் துணை அமைச்சராக இருந்தவர் ஓ. வி. அழகேசன். ஆண்டதையும் மாண்டதையும் எதுகையாக இணைத்து, அரியலூரின் பெயரோடு அவர் பெயரைச் சேர்த்து, திராவிட முன்னேற்றக் கழகத்தார் எழுப்பிய முழக்கம் ஊர் ஊராகப் பரவிற்று. நம் முதியோர் பலர் இன்றும் அதனைச் சொல்லக் கேட்கலாம். அச்சு இதழின் துணையின்றி வாயிலிருந்து வாய்க்குப் பாய்ந்த அந்த இரண்டு வரிகளை எந்த அலுவலக அறிக்கையாலும் மறுக்க முடியவில்லை. இன்று கைப்பேசியில் பாயும் பகடிகளைக் கண்டு வியப்போர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் அக்காலத்தில் அலுவலருக்கு ஓர் இரவேனும் கிடைத்தது. மாலையில் நடந்ததை நாளிதழ் மறுநாள் காலையில்தான் சொல்லும். இடையில் வானொலி உண்டு, அதுவும் அரசினுடையது. தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி தமிழில் செய்தி வாசிக்கும் வேளையில், வாசிக்கப்படும் சொல் எதுவென்று முன்னரே முடிவாகியிருக்கும். 1964 டிசம்பரில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற வண்டியைக் கடல் விழுங்கிய செய்தி, கம்பிகள் அறுந்துபோனமையால் வெளியுலகை எட்டவே தாமதமாயிற்று. சீட்டின்றி ஏறியோர் எத்தனை பேர் என்பது தெரியாததால் மாண்டோர் எண்ணிக்கையும் உறுதியாகவில்லை. தொலைவில் இருந்த நம்மவர்க்குத் தந்தியே கதி. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் தொலைபேசி அருகே உட்கார்ந்திருந்த இரவுகள் முந்தைய தலைமுறையினருக்கு மறக்குமா? அந்தக் காத்திருப்பின் மறுபுறத்தில் அலுவலகம் தன் சொற்களைத் தேர்ந்துகொண்டிருந்தது.

அந்த இரவைக் கைப்பேசி பறித்துக்கொண்டது. 2014இல் இரயில்வே அமைச்சகம் ட்விட்டர் தளத்தில் அடியெடுத்து வைத்தது. அவ்வாண்டு நவம்பரில் பொறுப்பேற்ற சுரேஷ் பிரபு காலத்தில் அது புதியதொரு வழக்கத்தை உண்டாக்கிற்று. ஓடும் வண்டியிலிருந்து குழந்தைக்குப் பால் வேண்டுமென்று ஒருவர் எழுதுவார். அடுத்த நிலையத்தில் பால் வந்து சேரும். தனியே பயணம் செய்யும் பெண் அச்சமுற்று எழுதுவார். காவலர் வந்து நிற்பர். இரவும் பகலும் இவற்றைப் பார்த்து அந்தந்தக் கோட்டத்துக்கு அனுப்புவதற்கென்றே இரயில் பவனில் ஊழியர் அமர்த்தப்பட்டனர். பயனுற்றோர் பலர், அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஒன்று கருதத்தக்கது. புகார்ப் புத்தகத்தில் எழுதிய குறை தீர்ந்தால் அதை எழுதியவர் மட்டுமே அறிவார். ட்விட்டரில் தீர்ந்த குறையோ தானே விளம்பரமாகி நாடெங்கும் பேசப்பட்டது. உதவியும் புகழும் ஒரே செயலில் கிட்டின. முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறை வாயிலில் உட்கார்ந்து வந்த தாயின் குழந்தைக்கும் பசித்திருக்கும். அவளிடம் ட்விட்டர் இல்லை. பின்னர் இக்குறைகேள் பணி 2018இல் வந்த இரயில் மதத் செயலிக்கும் 139 என்னும் தொலைபேசி எண்ணுக்கும் மாற்றப்பட்டது. எண் எல்லார்க்கும் பொதுவானது என்பதால் இம்மாற்றம் நமக்கு உவப்பானதே.

அந்த ஊடகத்தின் மறுமுகத்தையும் பிரபு அவர்களே கண்டார். 2017 ஆகஸ்ட் 19இல் உத்தரப் பிரதேசத்தில் கதவுலி என்னும் ஊரருகே உத்கல் விரைவு வண்டி தடம் புரண்டு இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துறையின் ஊழியர் இருவர் பேசிக்கொண்டதாகச் சொல்லப்பட்ட ஒலிப்பதிவு ஒன்று, தண்டவாளப் பணி எவ்வாறு நடந்தது என்பதைப் பற்றியது, அலுவலகம் வாய் திறக்குமுன் கைப்பேசிகளில் பரவிற்று. தன் வீட்டுச் சுவரே பேசத் தொடங்கிவிட்டால் எந்த மக்கள் தொடர்பு அலுவலர் என்ன செய்வார்? நான்கு நாட்களுக்குப் பின் மற்றொரு வண்டியும் தடம் புரண்டது. அன்று பிரபு, தார்மிகப் பொறுப்பேற்றுப் பிரதமரைச் சந்தித்ததாகவும், காத்திருக்குமாறு அவர் கூறியதாகவும் ட்விட்டரில் எழுதினார். செப்டம்பர் 3இல் துறை மாறினார். சாஸ்திரியின் விலகலைப் போலவே இதுவும் பேசப்பட்டது. ஆயின் செயல் முடிந்த பின் செய்தி வருவதற்கும், செயல் முடியுமுன்னரே செய்தி வருவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

கோரமண்டல் விரைவு வண்டியை அறியாத தமிழ்க் குடும்பம் வங்கத்தில் இராது. 1977இல் ஓடத் தொடங்கிய நாள் முதல், ஹௌராவையும் சென்னையையும் இணைத்து, திருமணத்துக்கும் இழவுக்கும் தேர்வு விடுமுறைக்கும் நம்மவரைச் சுமந்த வண்டி அது. அண்மைக் காலத்தில் அதன் திசை மாறிற்று எனலாம். வேலூரிலும் சென்னையிலும் மருத்துவம் நாடிச் செல்லும் வங்காளிகளும், தமிழகத்திலும் கேரளத்திலும் கூலி வேலைக்குச் செல்லும் வங்க, ஒடிய, பீகார் இளைஞருமே அதில் பெருந்தொகையினர். நாம் வடக்கே வந்த அதே காரணத்துக்காக அவர்கள் தெற்கே செல்கின்றனர்.

2023 ஜூன் 2ஆம் நாள் மாலை ஏழு மணியளவில், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பகாநகா பஜார் நிலையத்தில், அவ்வண்டி முதன்மைத் தடத்தை விட்டுக் கிளைத் தடத்தில் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதிற்று. சிதறிய பெட்டிகளில் அவ்வேளை எதிரே சென்ற பெங்களூரு–ஹௌரா வண்டியின் கடைப்பெட்டிகள் இடித்தன. முடிவாக மாண்டோர் 296 பேர். சமிக்ஞை இணைப்புகளில் முன்னர் நேர்ந்த பிழையே காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை பின்னர்க் கண்டது.

அன்றிரவு முரசுக்கு முன்பாகவே படங்கள் வந்துவிட்டன. உயிர் பிழைத்தோரும் ஊர் மக்களும் இருளில் எடுத்த காட்சிகளை, சென்னையில் இருந்தோரும் கொல்கத்தாவில் இருந்தோரும் ஒருசேரக் கண்டனர். இக்காலத்து மக்கள் தொடர்பின் சோதனைகள் அனைத்தும் அடுத்த நான்கு நாட்களில் அங்கே ஒன்றுகூடின.

முதலாவது எண்ணிக்கை. ஒடிசா அரசு இறந்தோர் தொகையை வெளிப்படையாகவும் விரைவாகவும் வெளியிட்டு வந்தது. ஜூன் 3இல் 288 என்று சொல்லப்பட்டது. மறுநாள், சில உடல்கள் இருமுறை எண்ணப்பட்டன என்று கூறி 275 ஆக்கப்பட்டது. ஜூன் 6இல் மீண்டும் 288 ஆயிற்று. நாளிதழ்க் காலத்தில் இத்திருத்தங்கள் அலுவலகக் கோப்புக்குள்ளேயே நடந்து முடிந்திருக்கும். இன்று திருத்தமே ஐயத்தை வளர்த்தது. எதையோ மறைக்கின்றனர் என்ற பேச்சு எழுந்தது. விரைவு, பிழையின்மை என்று லீ இணைத்துச் சொன்ன இரண்டும் ஒன்றையொன்று தின்னும் நிலையை நாம் அங்கே கண்டோம். நம் கருத்தில், எண்ணித் திருத்தியவர்கள் குற்றவாளிகள் அல்லர். எண்ணியதைச் சொல்லாதிருப்பதைவிடத் திருத்திச் சொல்வது நேர்மையே.

பொய்ச் செய்தி இன்னும் கொடியது. தண்டவாளத்தருகே தெரிந்த வெள்ளைக் கட்டடம் ஒன்றை மசூதி என்று கூறி, விபத்துக்கு மத வண்ணம் பூசும் படம் பரவிற்று. அது இஸ்கான் அமைப்பினரின் கோயில். ஜூன் 4ஆம் நாள் ஒடிசா காவல் துறை, இவ்வாறு பொய் பரப்புவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதே ட்விட்டரில் எச்சரித்தது. காயம்பட்டோருக்குக் குருதி வழங்க இளைஞர்கள் வரிசையில் நின்ற மண் அது. அவர்களுக்கு இந்த வேலையெல்லாம் இருக்கவில்லை.

பழைய விளம்பரமும் அந்நாட்களில் பகையாகித் திரும்பிற்று. வண்டிகள் மோதாமல் தடுக்கும் கவச் என்னும் கருவியை, 2022 மார்ச்சில் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இயந்திரப் பெட்டியில் ஏறி நின்று சோதித்துக் காட்டிய படம் அப்போது பெருமிதத்துடன் பரப்பப்பட்டது. பகாநகா வழியில் அக்கருவி இல்லை. விபத்துக்குப் பின் அதே படத்தை மக்கள் தேடியெடுத்துக் கேள்வியாகத் திருப்பி அனுப்பினர். இவ்விபத்தை அக்கருவியால் தடுத்திருக்க இயலாது என்று இரயில்வே விளக்கிற்று. விளக்கம் சென்ற தொலைவு குறைவு. படம் சென்ற தொலைவு பெரிது. நாளிதழ் விளம்பரம் மறுநாளே பொட்டலம் கட்டப் போய்விடும். கைப்பேசிப் படமோ அழிவதில்லை.

தமிழகத்தில் கட்டுப்பாட்டு அறை திறக்கப்பட்டது; அமைச்சர்கள் ஒடிசா சென்றனர்; பிழைத்தோரை ஏற்றிய சிறப்பு வண்டி ஜூன் 4 காலை சென்னையை அடைந்தது. முன்பதிவுப் பட்டியல் கையில் இருந்தமையால், பெயர் பெயராக அழைத்து விசாரிக்க முடிந்தது. ஆனால் கோரமண்டலின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் வந்தோருக்குப் பட்டியல் இல்லை. பெயர் இல்லாதவரை எந்தக் கட்டுப்பாட்டு அறை அழைக்கும்? ஒடிசா அரசு இறந்தோரின் முகங்களைப் படமெடுத்து இணையத்தில் வெளியிட்டது. பார்க்கத் தகாத காட்சி என்ற எச்சரிக்கையோடு. நாட்டின் மறுகோடியிலிருந்த தந்தையர் கைப்பேசித் திரையில் பிணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தம் மகனைத் தேடினர். ஒரே உடலுக்கு இரு குடும்பங்கள் உரிமை கோரின. புவனேசுவர எய்ம்ஸ் மருத்துவமனையில் மரபணுச் சோதனை செய்யப்பட்டது. 2023 அக்டோபரில், நான்கு மாதங்களுக்குப் பின்னும் எவரும் கேட்டு வராத 28 உடல்களைப் புவனேசுவர மாநகராட்சியார் எரியூட்டினர். உலகம் முழுதும் அந்த விபத்தைப் பார்த்திருந்தது. அந்த 28 பேரின் வீடுகளுக்கு மட்டும் சொல்லெழாமல் நிற்கவும் ஒருத்தி போய்ச் சேரவில்லை.

2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளாவுக்குச் செல்வோர் திரண்டிருந்த புது தில்லி நிலையத்தில் நெரிசலில் 18 பேர் மாண்டனர். பிரயாக்ராஜ் என்ற பெயரே இரு வண்டிகளுக்கும் இருந்ததால் அறிவிப்பைக் கேட்டோர் குழம்பினர் என்று காவல் துறை கூறிற்று. இரயில்வேயின் தரப்பில் முதலில் வந்த செய்தி, நெரிசலே இல்லை, வெறும் வதந்தி என்பது. அதற்குள் படிக்கட்டில் சிதறிக்கிடந்த செருப்புகளையும் பைகளையும் நாடு பார்த்துவிட்டது. மறுப்பு சில மணி நேரத்தில் மறைந்து இரங்கல் அறிக்கை வந்தது. இரண்டு நாட்களுக்குப் பின், இப்போது எக்ஸ் என்று பெயர் மாறியுள்ள அதே தளத்திலிருந்து, அந்நிகழ்ச்சியைக் காட்டும் 280க்கும் மேற்பட்ட பதிவுகளை 36 மணி நேரத்துக்குள் நீக்குமாறு அமைச்சகம் கேட்டது. இறந்தோரின் முகங்களைக் காட்டலாகாது என்பது சொல்லப்பட்ட காரணம். அது நியாயமான காரணமே. ஆனால் முதல் நாள் வதந்தி என்று சொன்ன வாயிலிருந்து அது வந்ததே இடர். மார்ச்சு மாதத்தில், கூட்டம் மிகும் 73 நிலையங்களில் பயணிகளை வெளியே நிறுத்திவைக்கும் காத்திருப்பு இடங்கள் அமைப்பதென முடிவாயிற்று. வண்டி நடைமேடைக்கு வந்த பின்னரே உள்ளே விடுவர்.